கட்டைக் குரல்

பிரான்ஸ் தேசத்துக் கிராமம் ஒன்று. பனி கொட்டி ஊரே வெளுத்துக் கிடந்தது. மாதா கோயிலின் உடைந்த ஜன்னலில் ஓர் அண்டங்காக்கா தினமும் வந்து உட்காரும். உள்ளே கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. நாலே வாரத்தில் கட்டைக் குரல் பகுதி முழுவதும் அதற்கு மனப்பாடம்.

"உன்னை யாரு அண்ணே கூப்பிட்டா?" என்று சிரித்தது செம்மார்புக் குருவி.

"கூப்பிடட்டும்னு உக்காந்திருந்தா கிழவனாயிடுவேன்" என்றது காக்கா.

கிறிஸ்துமஸ் காலையில், கட்டைக் குரலில் பாடும் தச்சருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அவர் பாடவேண்டிய இடத்தில் பாட்டு தடுமாறியது. காக்கா அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தது. பாட்டு பிழைத்தது.

பூசை முடிந்ததும் சனங்கள் ஜன்னலடிக்கு ஓடி வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்து காக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குருவி, வெள்ளைப் பனியில் சிவப்பாக ஜொலித்தது.

"இத்தனூண்டு உடம்புக்குள்ள எம்மாம் பெரிய குரல்!"

குருவி கூச்சமில்லாமல் தலை வணங்கியது. காக்காவை யாரோ கல்லெடுத்து விரட்டினார்கள்.

மறுநாள் குருவி தயங்கித் தயங்கி வந்தது. "கோபமா அண்ணே?"

"அதுக்கெல்லாம் நேரமில்ல. அடுத்த வருஷமும் வந்து பக்கத்துல உக்காரு. நீ இருந்தாத்தான் இந்த ஜன்னலை அடைக்க மாட்டாங்க. எனக்குப் பாடணும்."