இந்தி மட்டும் தெரிந்த அமல்ராஜ்

"ஏனுங்க, இந்தக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாதுதானுங்களே?" என்று ராஜஸ்ரீ கேட்டதும், கல்லாவில் நின்ற அமல்ராஜ் முகத்தைப் பச்சைக் குழந்தைபோல வைத்துக்கொண்டார்.

"புனேயில யாருக்குத் தமிழ் தெரியப் போகுது? நீ தாராளமாப் பேசு" என்றான் அவள் கணவன் ஷ்யாம்.

அமல்ராஜின் தாத்தா, இங்கே கட்கியில் உள்ள ராணுவத் தொழிற்சாலை வேலைக்காக வேலூரிலிருந்து வந்தவர். வீட்டில் இன்றைக்கும் தமிழ்தான். ஆனால் கடைக்குள் கால் வைத்துவிட்டால், தமிழ் என்று ஒரு பாஷை இருப்பதே அமல்ராஜுக்குத் தெரியாது. தெரியும் என்று காட்டினால் போச்சு! "அட, நம்மாளா நீங்க!" என்று தோளில் கை போடுவார்கள். அடுத்த வார்த்தையே "விலையைக் குறைங்க" என்பதுதான். அதனால்தான் பெயர்ப்பலகையில்கூட வெறும் 'ராஜ் போட்டோ.'

தவிர, வருகிறவர்கள் தமிழில் குசுகுசுப்பதை ஓசியில் கேட்பதில் அவருக்கு ஒரு சுகம். சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே பொழுது போகும்.

"ஆயியே மேடம், தோனோ தேக் லீஜியே" என்று இரண்டு கேமராக்களையும் எடுத்து வைத்தார்.

இரண்டுமே உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் ரகம். புதிதாகக் கேமரா பழகுகிறவர்களுக்கானவை. ஒன்று கொஞ்சம் கனம். பிடிக்க வாகு, கண்ணை வைத்துப் பார்க்க வ்யூஃபைண்டர் உண்டு. இன்னொன்று உள்ளங்கையில் அடங்கும். வ்யூஃபைண்டர் கிடையாது, ஆனால் திரையை முன்பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

இன்றைக்கு ஒன்றாவது விற்றாக வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் இங்கே தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். "இந்த வாரமும் ஒண்ணும் போகலைன்னா கேமராவை ஏறக்கட்டுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து மொபைல் கவர் விப்போம்" என்று மனைவி பவுன் கறாராகச் சொல்லியிருந்தாள். இன்று சனிக்கிழமை, நாளைக்குக் கடை லீவு. காலமெல்லாம் கேமரா விற்ற மனுஷன் மொபைல் கவர் விற்பதா?

"எனக்குப் பெருசுதான் பிடிச்சிருக்கு. வெயில்ல திரை தெரியாது. கண்ணை வெச்சுப் பார்த்து எடுக்கறதுதான் சரி" என்றான் ஷ்யாம்.

"சின்னதுல என்னை நானே எடுத்துக்குவனுங்க. உங்களை நம்பி நின்னா, என் தலையை வெட்டிப்போட்டு சிம்மகட் கோட்டையை மட்டும் எடுப்பீங்க."

அமல்ராஜ் வந்த சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"ரெண்டையும்தான் பார்த்தாச்சே. வீட்டுக்குப் போயி ஆன்லைன்ல போட்டறலாமா?" என்றான் ஷ்யாம்.

அமல்ராஜுக்கு இருமல் நின்றுவிட்டது.

"பொறுங்க. சின்னதுல பேட்டரி சீக்கிரம் தீர்ந்துருமாமுங்க. இன்னொரு பேட்டரி சும்மா கொடுத்தா இங்கயே வாங்கலாம். நாமளா எப்படிக் கேக்கறது? கூச்சமா இருக்குதுங்க."

அமல்ராஜ் திடீரென்று ஏதோ ஞாபகம் வந்தவர்போல நெற்றியில் தட்டிக்கொண்டார். "அரே மேடம்! ஏக் ஆஃபர் ஹை. எக்ஸ்ட்ரா பேட்டரி ஃப்ரீ!"

அந்த ஆஃபர் அப்போதுதான் பிறந்திருந்தது.

"பார்த்தீங்களா, தங்கமான மனுசன்!" என்றாள் ராஜஸ்ரீ. "தலைக்கு டை அடிச்சதுதான் அரைகுறை. காதோரம் அப்படியே வெள்ளையா விட்டுட்டாரு, பாவம்."

அமல்ராஜின் கை காதுவரை போய்விட்டது. சட்டென்று சுதாரித்து, பின்னால் தொங்கிய கேமரா வாரை எடுப்பதுபோல பாவலா செய்தார்.

"மழைக்காலம் வேற. ஒரு பையும் மெமரி கார்டும் இருந்தா நல்லாருக்கும்" என்று ஷ்யாம் முனகினான்.

"பேக் பீ ஃப்ரீ! கார்டு பீ ஃப்ரீ!" என்றார் அமல்ராஜ்.

ராஜஸ்ரீ ஷோகேஸை எட்டிப் பார்த்தாள். "அந்த லென்சுல எடுத்தா முகம் பளிச்சுன்னும் பின்னாடி எல்லாம் மங்கலாவும் வருமில்லீங்க? பாதி விலைக்குக் கொடுத்தா இப்பவே கார்டைத் தேச்சறலாம். இல்லாட்டிக் கிளம்புங்க. மணி ஒண்ணாகப் போகுது, இந்த ஊர்க்காரங்க மத்தியானம் கடையைச் சாத்திட்டுத் தூங்கப் போயிருவாங்க."

அமல்ராஜ் மனசுக்குள் கணக்குப் போட்டார். லென்ஸையும் கொடுத்தால் லாபம் என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. ஆனால் கண்ணுக்குள் மொபைல் கவர்கள் வரிசையாகத் தொங்கின.

"லென்ஸ் ஹாஃப் ப்ரைஸ், சார்! ஆஜ் கா ஸ்பெஷல்!"

"சரி, உன் இஷ்டம், சின்னதே இருக்கட்டும்" என்று ஷ்யாம் கார்டை நீட்டினான்.

பில் போடும்போது அமல்ராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. காதைத் தீட்டி வைத்திருந்ததால்தானே வியாபாரம் ஆச்சு! இல்லாவிட்டால் இதுகளும் ஆன்லைனுக்குப் போயிருக்கும். பாவம், வெள்ளந்திப் பிள்ளைகள், மனசில் இருப்பதையெல்லாம் இப்படியா அடுத்தவன் முன்னால் கொட்டுவது? பவுனிடம் இதை எப்படி ஜோடித்துச் சொல்லலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

வாசலில் ராஜஸ்ரீ திரும்பிக் கும்பிட்டாள். "போயிட்டு வர்றோமுங்கண்ணா."

"சரிம்மா, பத்திரமாப் போயிட்டு..." என்றவர், பாதியில் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பரவால்லீங்கண்ணா" என்று சிரித்தாள் ராஜஸ்ரீ. "எங்க கோந்த்வா ஏரியா தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல சொல்லித்தான் அனுப்புனாங்க. 'ராஜ் போட்டோவுல இந்தியில பேரம் பேசாதீங்க, ஒண்ணும் பேராது. தமிழ்ல ரகசியம் பேசுங்க, கேக்காமயே எல்லாம் கிடைக்கும்'னு!"