கூறைச் சிவப்பு

"இது எங்கடை அம்மாவின்ரை கலியாணக் கூறையே, இல்லாட்டிச் சாமியாரின்ரை காவியே?"

"ஸ்கானர் பழசு. அந்தப் படத்தைத் திரும்பக் கொண்டாங்கோ. வாற சனிக்கிழமை வரேலுமே?"

நிலாந்தினியோடு போனில் பேசிய அந்த முதல் பேச்சை நினைத்தால் அனோஜனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாது. வேலணையில் பழைய படங்களை ஸ்கான் செய்து கொடுக்கும் கடைக்காரன், தன் பிழையை வாயில்லாத மெசின்மேல் போட்டிருந்தான்.

ஸ்கானரில் ஒரு பழுதும் இல்லை. அகன்ற வண்ணவெளியில், அதாவது கூடுதல் நிறங்கள் அடங்கும் அமைப்பில், படத்தை எடுத்தால் நிறமெல்லாம் நிறைவாகப் பதியும். ஆனால் போனுக்கு அந்த அகலம் விளங்காது. அனுப்ப முதல் சின்ன வெளிக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிட்டால் சிவப்பு செத்துப்போகும். அன்று மாற்ற மறந்துவிட்டான், அவ்வளவுதான். கம்பியூட்டரில் கிடந்ததை அங்கேயே மாற்றியிருக்கலாம். படத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது இரண்டாவது பொய்.

அவள் நயினாதீவில் பள்ளிக்கூட ரீச்சர். சனிக்கிழமைகளில் குறிகட்டுவானுக்கு வள்ளம், அங்கிருந்து பஸ். தாயின் கலியாணப் படங்களைச் சுவிசில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப வேண்டுமாம். முழு அல்பத்தையும் கொண்டுவந்தால் உப்புக்காற்றுப் பட்டுவிடும் என்று, வரும்போதெல்லாம் புதிதாக ஒரேயொரு படத்தைத்தான் கொண்டுவருவாள்.

அவனும் போன முறை மங்கிய படத்தைச் சரியாக்கிக் கொடுப்பான். புதியதை அவள் போனபின் அவளின் போனுக்கு அனுப்புவான். அதுவும் மங்கலாகத்தான் போய்ச் சேரும்.

பக்கத்துத் தையல்கடை ஞானசவுந்தரி அக்கா ஒருநாள் ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்.

"தம்பி, உம்மடை மெசின் அந்தப் பிள்ளை வந்தால் மட்டுந்தானே பிழை விடுது?"

அனோஜன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. முதல் முறைதான் மறதி. அதன்பிறகு எல்லாம் வேண்டுமென்றே செய்தது. அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று வாரம் முழுவதும் சொல்லிப் பார்ப்பான். அவள் வந்து கதிரையில் இருந்ததும் ஸ்கானரைப் பற்றித்தான் பேசுவான். கேட்கத் தெரியாதவன், அவளைத் திரும்ப வரவைக்க மட்டும் பழகியிருந்தான்.

சோளகக் காற்றுத் தொடங்கிக் கடல் குழம்பியது. அந்தச் சனிக்கிழமை அவள் தலையோடு நனைந்து வந்தாள். தண்ணீர் வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, வள்ளம் ஆடிய ஆட்டத்தில் குமட்டிச் சத்தி எடுத்ததாகச் சொன்னாள். படம் மட்டும் பொலித்தீன் பைக்குள் ஈரம் படாமல் இருந்தது. அவனுக்குத் தன்னை நினைக்கவே கூசியது.

அவள் போனதும் படத்தை ஒழுங்காக மாற்றி, தன் போனில் பார்த்துவிட்டே அனுப்பினான். கூறையின் சிவப்பு அப்படியே தணலாய் எரிந்தது. அதுதான் அல்பத்தில் கடைசிப் படம்; இனி அவள் வரமாட்டாள். செய்ததற்கு அது வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை அவள் வந்து நின்றாள்.

"இன்னும் மங்கல்தான்."

"அப்பிடி இராதே. போனைத் தாங்கோ பாப்பம்."

திரையில் சிவப்பு செவ்வரத்தம்பூவாய் இருந்தது. இனியும் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. குனிந்த தலை நிமிராமலே எல்லாம் சொன்னான். இந்தப் படம் சரி. மற்றவற்றைத் தானேதான் கெடுத்தான். இந்தக் கடலில் அவளை அலைக்கழித்ததும் தான்தான். ஏன் என்று மட்டும் அப்போதும் சொல்ல வாய் வரவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி நீங்கள் வரத் தேவையில்லை."

அவள் போனை வாங்கி, எதையோ தேடி எடுத்து நீட்டினாள். அவன் கெடுத்து அனுப்பிய படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் கூறை நல்ல சிவப்பு.

"நீங்கள் அனுப்பின அண்டண்டைக்கே நான் நிறத்தை மாத்தி அண்ணாவுக்கு அனுப்பிப்போட்டன். பிள்ளையளுக்கு நான் படிப்பிக்கிறது கம்பியூட்டர்தானே."

அவன் நிமிர்ந்தான். இப்போது அவள் தலை குனிந்திருந்தது.

"இனி எனக்கு வள்ளம் ஏற ஏலாது. நீர் வந்து அம்மாட்டை என்னைக் கேளும்."