நேரலையில் ஒரு மணிக்கட்டு

அவனுடைய மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனவள், அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே ஸ்டாண்டில் செல்போன். நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

"பாருங்க, என்ர வீட்டுக்காரர் சோப்பைத் தொட்டு ஒரு வருசமாச்சுங்க. இப்ப மோந்து பாத்தா…"

மோந்து பார்த்துவிட்டாள்.

சந்தனம்.

அவன் கையை இழுத்தான். வரவில்லை.

சோப்பு காரம், தோல் அமிலம், ஆகவே குளிக்கிற தண்ணீரில் ஒரு மூடி காடி. அவள் சேனல் மொத்தமும் இந்த ஒரு வரிதான். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து அவளே காடி தயாரித்து விற்கிறாள். கடையில் வினிகர் என்பார்கள். சேனலில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. வீட்டு வாடகை காடியிலிருந்துதான் போகிறது.

அவன் அந்தச் சேனலின் ஆதாரம்.

ஆதாரம் தினமும் காலையில் காடித் தண்ணீரில் குளித்து, ஊறிய வெங்காயம்போல் மணந்துகொண்டு டவுன் பஸ் ஏறும். பக்கத்தில் உட்காருபவர்களுக்குப் பசிக்கும். ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"தம்பி, ஃப்ரைட் ரைஸ் எந்தக் கடைல வாங்குனீங்க?"

அன்றைக்குத்தான் அவன் சோப்பு வாங்கினான்.

மாலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு, ஆபீஸ் டிரைவர்களுக்கான பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பான். நுரை வரும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பிறகு கழுத்திலும் கையிலும் இரண்டு சொட்டுக் காடி. மற்றவர்கள் சென்ட் போடுவதுபோல. வீட்டுக்குத் திரும்பும்போது அவன் அவனாகவே மணக்க வேண்டுமே.

இன்று குளித்துவிட்டுப் பார்த்தால் காடி பாட்டில் காலி. பக்கத்து சீட் குணாளன் மத்தியானமே அதை நூடுல்ஸில் ஊற்றித் தீர்த்திருந்தான்.

"வூட்டுல செஞ்சதா? செம டேஸ்ட்டு மாப்ள."

பரவாயில்லை, வீட்டுக்குப் போனதும் நேராக பாத்ரூமுக்குள் ஓடிவிடலாம் என்று நினைத்துத்தான் வீட்டுக் கதவைத் திறந்தான்.

"இதோ, அவரே வந்துட்டாரு!"

உண்மைவிரும்பி என்ற பெயரில் யாரோ ஒருவர் அரைமணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். சோப்பே போடாமல் எப்படி நாறாமல் இருப்பார்? கூப்பிட்டு மோந்து பார்த்துச் சொல்லுங்கள்.

கூப்பிட்டாள். பிடித்தாள். மோந்தாள்.

இப்போது போன் இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. நகர்ந்தால் தெரியும். பேசினால் கேட்கும். அவன் சிரித்தான். நிறுத்தினால் சந்தேகம் வருமென்று சிரித்தபடியே இருந்தான்.

திரையில் கேள்விகள் ஏறின.

அக்கா, எப்படி மணக்குது?

அக்கா, நெட் கட்டாகிடுச்சா?

அண்ணனுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

வேர்க்க வேர்க்கச் சந்தனம் இன்னும் தூக்கலாக மணந்தது.

அவள் மூச்சை இழுத்தாள். இன்னொரு முறையும் இழுத்தாள். மெதுவாக.

"ஒரு வாசனையுமே இல்லைங்க," என்றாள் போனைப் பார்த்து. "சுத்தமான தோலு இப்படித்தானுங்க இருக்கும்."

திரை நிறைய இதயங்கள் பறந்தன. உண்மைவிரும்பியும் ஒன்று அனுப்பினார்.

ஒரு கையால் நேரலையை அணைத்தாள். இன்னொரு கை மணிக்கட்டை விடவில்லை.



"யாரு அவ?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

பிறகு விளங்கியது. சோப்பு வாசனையோடு வீடு திரும்பும் கணவனுக்கு, உலகத்தில் வேறு காரணமும் உண்டு.

அவன் யோசித்தான். ஒரு பெண் என்றால், தப்பு அவனோடு போகும். சேனல் சொன்னதெல்லாம் அப்படியே உண்மையாக இருக்கும். சோப்பு என்றால் ஒரு வருடம் பொய். சுவரோரம் அடுக்கியிருக்கும் பாட்டில் எல்லாம் பொய். இவளும் பொய்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எதையாவது சொல்லிவிடாதே என்பதுபோல.

"ஆபீஸ்ல புதுசா வந்திருக்காங்க," என்றான்.

சொன்ன பிறகுதான், அந்தப் பெண்ணுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்பது உறைத்தது.

அவள் பெயரைக் கேட்கவில்லை. அழவில்லை. பாத்திரம் எதுவும் பறக்கவில்லை.

அவன் மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரல்களைப் பார்த்தான். காடியில் ஊறி ஊறி இடுக்கெல்லாம் வெளுத்து வெடித்திருந்தன. வீடியோவில் அது தெரியாது. விரல்களை மடக்கிக்கொண்டுதான் பேசுவாள்.

"சந்தன சோப்புங்களா?"

"ம்."

"அவ தினமும் அதுதான் போடறாளா?"

"ம்."

மணிக்கட்டை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள். போன் அணைந்துதான் இருந்தது. இந்த முறை கண்களை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"நாளைக்கும் அவளைப் பாப்பீங்களா?"

எந்தப் பதில் சரி என்று அவன் அவள் முகத்தில் தேடினான். பாதி முகம் அவன் கைக்குள் இருந்தது.

"சொல்லுங்க," என்றாள், இழுத்த மூச்சை வெளியே விடாமல்.