எட்டா, பதினைந்தா

பிற்பகல் வெயில் ஆனையிறங்கல் அணை நீரில் ஓரிடத்தில் நில்லாமல் நெளிகிறது. கரையோரம் மிதக்கும் ஃபைபர் படகின் பின்பலகையருகே சின்னமாயன் ஒரு மணல் சாக்கை வைக்கிறான். ஏறக்குறைய எட்டுக் குதிரைத்திறன் மோட்டாரின் எடை அது. வாங்குவதற்கு முன் படகு எதைத் தாங்குமென்று இப்படித்தான் பார்க்கிறான். படகு லேசாகத் தணிந்து நிற்கிறது. “இன்னொன்னையும் வைங்க. பதினஞ்சுதான் வேணும்,” என்கிறாள் மனைவி முருகேஸ்வரி, தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்களால் முந்தானையை முறுக்கியபடி. சென்ற வாரம் எதிர்க்காற்றில் துடுப்புத் தோற்று, யானைகள் இறங்கும் அக்கரையில் அவன் இருட்டும்வரை ஒதுங்கிக் கிடந்தான். “ஆனை என்ன எஸ்டேட்டு சூப்பர்வைசரா, தெனமும் வந்து நிக்க?” என்று சிரிக்கிறான். “கேலி பண்ணாதீக. அன்னைக்கு ஒம்பது நின்னுச்சு.” பதினைந்தின் கூடுதல் எடைக்கான இரண்டாம் சிறு சாக்கையும் வைத்து, ஓட்டுபவனின் இடத்தில் அவனும் அமர்கிறான். பின்விளிம்பைத் தாண்டி நீர் உள்ளே வழிகிறது. முருகேஸ்வரி முழங்கால் ஆழத்தில் இறங்கி, அந்த இரண்டாம் சாக்கைத் தானே தூக்கி இடுப்பில் வைக்கிறாள். “சரி, எட்டே வாங்குவோம். ஆனா அந்தக் கரைக்கு இனிமே போகக் கூடாது.” அவன் அண்ணாந்து பார்க்கிறான். “மீனு அங்கனதான முருகு கெடக்கு.” காற்று எழுந்து, நீர்ப்பரப்பில் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. சாக்கிலிருந்து சொட்டும் நீர் சேலையை நனைக்கிறது. அதைக் கரையில் போட மனமின்றி, படகில் வைக்க வழியுமின்றி, அக்கரையையே பார்த்து நிற்கிறாள்.