ஒன்பதாம் கட்டிலின் கணக்கு

“ஆறாம் கட்டில் பக்கம் போறப்ப நல்லா கண்ணுக்குத் தெரியற மாதிரி கையைச் சுத்தம் பண்ணுங்கடி. அங்கதான் ஆள் உட்கார்ந்திருக்கு!”

பெரிய சிஸ்டர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் அவர் தாழ்த்திய குரலே வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்கும்.

மூச்சுத்திணறல் நோயாளிகளின் வார்டு அது. ஒருவருடைய சளிக்காய்ச்சல் அடுத்தவருக்குத் தாவாமல் தடுப்பது எப்படி என்று ஆராய ஒரு டாக்டர் வந்திருந்தார். நோயாளியைத் தொடும் முன் நர்சுகள் கையைச் சுத்தம் செய்கிறார்களா என்று ஒரு மாதம் எண்ணப்போகிறார்களாம். எண்ணுகிற ஆள் யார் என்பது மட்டும் ரகசியம்.

பெரிய சிஸ்டரிடமா ரகசியம்? இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார். ஆறாம் கட்டில்காரரின் மருமகன் என்று சொல்லிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியும் நோட்டுமாக ஒருவர் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். நர்சு வந்தால் நிமிர்ந்து பார்ப்பார். உடனே குனிந்து ஏதோ எழுதுவார். வேறென்ன சாட்சி வேண்டும்?

“எண்ணிக்கை குறைஞ்சா என்னாகும் சிஸ்டர்?” என்றாள் தற்காலிக நர்சுகளில் இளையவள்.

“நிர்வாகம் சும்மா விடுமா? முதல்ல உங்க அஞ்சு பேரைத்தான் வீட்டுக்கு அனுப்பும். உனக்குக் கைக்குழந்தை, அவ புருஷன் படுத்த படுக்கை. அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு உங்களைப் பார்க்கறது?”

சானிடைசர் ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்தான் கிடைக்கும். குழாயோ வாசலோரம். அதனால் பாட்டில் ஆறாம் கட்டிலின் காலடியில் குடியேறியது.

“அப்போ ஒன்பதாம் கட்டிலுக்கு?”

“கண்டக்டருக்கா? அவரு நம்ம மனுஷன்டி. கோவிச்சுக்க மாட்டாரு.”

“மாட்டவே மாட்டேன்,” என்று கடைசிக் கட்டிலிலிருந்து பதில் வந்தது. “நாற்பது வருஷம் பஸ்ல இடிபட்டவன்மா நான். முன்னாடி போங்க, முன்னாடி போங்க!”

வார்டே சிரித்தது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். பார்க்க வருகிற சொந்தம் என்று யாரும் இல்லை. ஊசி போட வருகிறவளையும் போர்வை மாற்ற வருகிறவளையும் “வாம்மா மகளே” என்றுதான் கூப்பிடுவார். கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களை ஓயாமல் வருடிக்கொண்டிருக்கும். ஜபம் செய்கிறார் என்று நினைத்து அந்த நேரத்தில் நர்சுகள் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள்.

“நாற்பது வருஷத்துல ஒரு தலை எண்ணிக்கைகூட நான் தப்பவிட்டதில்லை சிஸ்டரம்மா,” என்று பெருமையாகச் சொல்வார். மூச்சு சீராகிவிட்டதால், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல் அடித்தது.

அன்றைக்குத்தான் ஆறாம் கட்டில்காரரும் குணமாகி வீடு போனார். மருமகன் மறந்துவிட்டுப் போன நோட்டை இளையவள் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“சிஸ்டர், நோட்டு பூரா குறுக்கெழுத்துப் புதிர்!”

பெரிய சிஸ்டர் அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இவன் இல்லையென்றால் எண்ணியது யார்? ஆனால் அதை யோசிக்க நேரமில்லை. கண்டக்டருக்கு ஆக்சிஜன் ஏற்ற வேண்டியிருந்தது. எட்டாம் கட்டில்காரர் ஒரு வாரமாக இருமிக்கொண்டிருந்ததும், அவருக்குச் சளி துடைத்த கையோடு அடுத்த கட்டிலுக்குத் தாங்கள் நகர்ந்ததும் பெரிய சிஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து பேரும் மாறி மாறிப் பக்கத்திலேயே நின்றார்கள்.

“என்னம்மா எல்லாரும் ஏறிட்டீங்க? வண்டி புல்லா?” என்று முகமூடிக்குள்ளிருந்து சிரித்தார் கண்டக்டர்.

காய்ச்சல் கண்ட ஆறாம் நாள் அவர் இறந்துபோனார். பெற்ற தகப்பனுக்கு அழுவதுபோல் அழுதாள் இளையவள். பெரிய சிஸ்டர் அழவில்லை. வாசலோரக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் கையைக் கழுவினார்.

மறுநாள் காலை ஆராய்ச்சி டாக்டர் வந்து, ஒன்பதாம் கட்டிலின் தலையணை உறைக்குள் கைவிட்டு ஒரு கற்றைத் தாள்களை எடுத்தார்.

“இது என்ன டாக்டர்?”

“இனிமே மறைக்க வேண்டியதில்லை சிஸ்டர். வெளி ஆளைப் போட்டா நீங்க கண்டுபிடிச்சுடுவீங்க. அதான் நோயாளி ஒருத்தரையே கேட்டோம். தன் கட்டிலுக்கு யார் வந்தாலும் எண்ணிடறேன், எண்ணிக்கையில தப்பே வராதுன்னாரு. விரல்லயே எண்ணி ராத்திரி எழுதி வெச்சிருக்காரு, பாருங்க.”

தேதி வாரியாக இரண்டே வரிசை. தொட்டது இருபத்தெட்டு, சுத்தம் செய்தது இருபத்தெட்டு. தொட்டது முப்பத்தொன்று, சுத்தம் செய்தது முப்பத்தொன்று. கடைசி நாளின் எழுத்து மட்டும் கோணிக்கொண்டு போயிருந்தது. அதிலும் இரண்டு எண்ணும் ஒன்றுதான்.

“நூத்துக்கு நூறு! உங்க பொண்ணுங்க வேலைக்கு இனி யாராலும் பங்கம் வராது,” என்றார் டாக்டர். “ஆனா ஒண்ணு. இவ்வளவு சுத்தமா இருந்தும் எட்டாம் கட்டில் கிருமிதான் இவருக்குத் தாவியிருக்கு. கையைச் சுத்தம் பண்றதால பெரிய பலன் இல்லைன்னு எழுதவேண்டியதுதான். மத்த ஆஸ்பத்திரிக்கெல்லாம் இதுதான் போகும்.”

பெரிய சிஸ்டர் வாசலைப் பார்த்தார். ஐந்து பெண்களும் அங்கேதான் நின்றிருந்தார்கள். சொல்லிவிடுங்கள் என்பதுபோல் இளையவள் மெல்லத் தலையை அசைத்தாள்.

“அப்படி எழுதாதீங்க டாக்டர்,” என்றார் பெரிய சிஸ்டர். இந்த முறை அவர் குரல் பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை. “நாற்பது வருஷத்துல அந்த மனுஷன் தப்பா எண்ணினது எங்களுக்காக இந்த ஒரு மாசம்தான். அவரைத் தொடறதுக்கு முன்னாடி நாங்க ஒரு தடவைகூட கை கழுவினதில்லை.”