வெள்ளைக் கோடு

"இன்னொரு கட்டையும் பிரிங்க" என்றார் பிளாஸ்டிக் உருக்கும் ஆலையின் சோதனைக்காரர்.

வாடகை லாரி ஓட்டுநருக்கு எரிச்சலாக வந்தது. மற்றவர்கள் சரக்கில் ஒரு கட்டோடு விட்டுவிடுகிற மனிதர், பழைய பாட்டில்களைத் தரம் பிரித்து விற்கும் இந்தக் கொட்டகைக்காரியின் சரக்கு என்றால் மட்டும் அடிவரை குடைகிறார். போன லோடு அப்படித்தான் திரும்பிப் போனது.

"அப்படி என்னம்மா பகை உங்களுக்குள்ள?" என்று முணுமுணுத்தார். கொட்டகைக்காரி அடுத்த கட்டின் கயிற்றை அவிழ்த்தாள்.

புதுப் பிளாஸ்டிக்கின் விலை விழுந்து கிடந்தது. பழையதைக் கழுவி உருக்கும் செலவில் புதியதே வாங்கிவிடலாம். அதனால் ஆலை, சுத்தமான சரக்கைத் தவிர எதையும் தொடுவதில்லை. இந்த லோடும் திரும்பினால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான். தரம் பிரிக்கும் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"மூடியெல்லாம் கிடக்கே, அதை விட்டுட்டீங்க?" ஓட்டுநர் குத்தலாகக் கேட்டார்.

கேள்வி என்று வந்துவிட்டால் சோதனைக்காரருக்கு முகம் மலர்ந்துவிடும். ஒரு மூடியையும் பாட்டில் துண்டையும் வாளித் தண்ணீரில் போட்டார். மூடி மிதந்தது. துண்டு மூழ்கியது.

"மூடி வேற ரகம். தண்ணியே பிரிச்சுக் குடுத்துடும். பி.வி.சி. பாட்டில்தான் வில்லன். பார்க்க இதே மாதிரி இருக்கும், இதோடவே மூழ்கும். உலையில கருகி மொத்தத்தையும் மஞ்சளாக்கிடும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம்."

மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது பி.வி.சி. அவர் ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். கோடு விழவே இல்லை.

"போன தடவை நீங்க திருப்பினதுலேருந்து, எங்க பொண்ணுங்க ஒண்ணு விடாம மடிச்சுப் பார்த்துட்டுத்தான் கட்டுறாங்க சார்" என்றாள் கொட்டகைக்காரி.

கடைசிக் கட்டையும் பார்த்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "இறக்கச் சொல்லுங்க. முதல் தரம். இனி வாராவாரம் அனுப்பலாம்."

ஓட்டுநர் சரக்கை இறக்கிவிட்டு வெளியே வந்தபோது ஆலைச் சங்கு ஊதியது. வாசலில் கொட்டகைக்காரி ஸ்கூட்டரில் உட்கார்ந்து சோதனைக்காரரை வழிமறித்துக்கொண்டிருந்தாள். சண்டைதான் என்று நினைத்து ஓட்டுநர் லாரியை மெதுவாக்கினார்.

"நாளைக்கு எவனும் உன்னைப் பார்த்து, புருஷன் தயவுல பிழைக்கிறாள்னு சொல்லிடக் கூடாதுல்ல?" என்றபடி சோதனைக்காரர் அவளுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"அது இருக்கட்டும்" என்றாள் அவள், அவர் பையைத் துழாவிக்கொண்டே. "காலையில கட்டிக்குடுத்த சாப்பாட்டு டப்பா இருக்கு. மூடி எங்க, மிதந்து போயிடுச்சா?"