கன்னம் வலிக்கும் வரை

கண்ணாடி முன் நின்ற கணவரின் காலரை இழுத்துச் சரிசெய்தாள் மனைவி.

“போன தடவை மாதிரி முகத்தை உம்முனு வச்சுக்காதீங்க. எடுத்த எடுப்புலயே சம்பளப் பேச்சு வேண்டாம்.”

“மூணு தடவையும் ஏன் ஒரு வாரம்கூட நிலைக்கலைனு கேட்டா? என் கோபம்தான் காரணம்னு சொல்லிடவா?”

“ஐயோ, உண்மையைப் போட்டு உடைச்சிடாதீங்க! ஒண்டியா உழைச்சு எனக்கு இடுப்பு ஒடியுது. இன்னைக்கும் வெறுங்கையோட திரும்பினீங்க, அவ்வளவுதான்!”

வேலைவாய்ப்பு முகாமில் கூட்டம் அலைமோதியது. மனைவி தூணோரம் நின்றுகொள்ள, அவர் கன்னம் வலிக்கும் வரை சிரித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, ஓர் இளம்பெண் அவர் மேசைமேல் இருந்த ‘பேக்கரிக்கு ஆள் தேவை’ அட்டையைப் படித்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“சார், ரொட்டி வேலை எனக்கு அத்துப்படி. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க முதலாளி கோபக்காரரா?”

அவர் தூணைப் பார்த்தார். மனைவி இரண்டு விரல்களால் வாயை இழுத்துக் காட்டி, ‘சிரிங்க’ என்று கண்ணை உருட்டினாள்.

“கோபக்காரன் நான்தாம்மா. ஆனா, முதலாளி அதோ, அவங்க!”

“அப்ப அவங்ககிட்டயே சேர்ந்துக்கறேன் சார்.”